மேகலாவின் டீயும் அக்தரி பேகத்தின் பணமும்

மேகலாவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் டீயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஆம்பூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்த வரிசை வீடுகளில் அவள் முகம் தெரியாதவர்கள்கூட அவள் போடும் டீயைக் குடித்திருப்பார்கள். இஞ்சி கிடையாது, ஏலக்காய் கிடையாது. பால், தூள், சர்க்கரை, அவ்வளவுதான். அதை எப்போது இறக்குகிறாள் என்பதில்தான் விஷயம். கேட்டால் சொல்லமாட்டாள். தெரிந்தால்தானே சொல்வதற்கு.

பிறந்தது அணைக்கட்டுப் பக்கம் வேர்க்கடலை போடுகிற வீட்டில். கோபியைக் கட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்த மறுமாசமே ஷூ கம்பெனிக்குள் போனவள், இன்னும் வெளியே வரவில்லை. தைத்து வரும் மேல்தோலில் தையல் தாண்டியிருக்கிறதா, பிசிறு நிற்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது அவள் வேலை. கம்பெனியில் செக்கர் என்பார்கள். ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை நாளெல்லாம் மூக்கில் ஏறி, சாயங்காலம் வெளியே வரும்போது தலை கனத்துக் கிடக்கும். டார்கெட், டார்கெட் என்று சூப்பர்வைசர் போடுகிற கூச்சல் வேறு. மேகலா பதில் பேசமாட்டாள். அவள் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் பேசுவாள், அப்போது அடுத்த தெருவில் கதவைச் சாத்துவார்கள்.

வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்பைப் பற்றவைப்பாள். பால் கொதி வருவதற்குள் அக்தரி பேகம் வந்துவிடுவார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வரிசையில் எல்லாரும் அவரைப் பாயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மேகலாவுக்கு மட்டும் அக்கா. மகள் கவிப்ரியா கைக்குழந்தையாக இருந்தபோது, மேகலா கம்பெனியிலிருந்து வருகிறவரை அவளை இடுப்பில் வைத்திருந்தது அக்தரி பேகம்தான். அதற்குக் காசு கொடுக்கப்போய் மேகலா ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். கவிப்ரியா இப்போது வேலூரில் பி.காம். கடைசி வருஷம். ஆனாலும் அந்த ஆறு மணி டீ நிற்கவில்லை. மழைக்கு நிற்கவில்லை, அக்தரி பேகத்தின் கணவர் ஆபித் பாஷா மௌத்தாகி, அந்தத் துக்கத்தில் அக்கா வெளியே வராமல் இருந்த சில மாதங்களைத் தவிர எதற்கும் நின்றதில்லை. மகன் வாஹித் பாஷாவும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் அந்த அம்மாவுக்குப் பேச்சுத்துணை டிவிதான். மனுஷ முகம் பார்ப்பது மேகலா வீட்டில். மேகலாவுக்கும் அப்படித்தான். அவள் வாயைத் திறந்து ஆற அமரப் பேசுகிற ஒரே ஆள் அக்தரி பேகம்.

அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம் அக்தரி பேகம் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கொண்டுவந்திருந்த ஜவுளிக்கடைப் பையை மேகலா பக்கம் நகர்த்தினார்.

"இன்னாக்கா, துணியா?"

"பணம். ஒண்ணே முக்கால் லட்சம். உனக்குத்தான்."

மேகலா சிரித்தாள். அக்தரி பேகம் சிரிக்கவில்லை. மேகலா பையைத் திறந்து பார்த்துவிட்டு, எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

விஷயம் இதுதான். ஆபித் பாஷா தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் தரம் பிரிக்கிறவராக இருந்தார். அந்த டேனரியை மூடிவிட்டார்கள். கணக்கு முடிக்காமலே மூடியதால் தொழிலாளர்கள் கேஸ் போட்டார்கள். கேஸ் அதுபாட்டுக்கு இழுத்தது. ஆபித் பாஷா போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் எல்லாரும் அதை மறந்தும் போனார்கள். இப்போது திடீரென்று தீர்ப்பாகி, அவருக்குச் சேரவேண்டிய பணம் அக்தரி பேகத்தின் பேருக்கு வந்தது. அசல் கொஞ்சம். இத்தனை வருஷத்து வட்டி அதைவிட ஜாஸ்தி. அசலை அக்தரி பேகம் எடுத்துக்கொண்டார். அது கணவரின் உழைப்பு. வட்டியைத்தான் இந்தப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"வட்டி எங்களுக்கு ஆகாது மேகலா. திங்கக் கூடாது, வீட்ல வெச்சுக்கவும் கூடாது. கஷ்டப்படறவங்க யாருக்காவது குடுத்துடணும். குடுத்தேன்னு புண்ணியம்கூட எதிர்பாக்கக் கூடாது. பள்ளிவாசல்ல கக்கூஸ் கட்டறாங்க, அதுக்குக் குடுத்துடலாம்னான் வாஹித். நான்தான் உனக்குன்னு சொல்ட்டேன்."

மேகலாவுக்குச் சுருக்கென்றது. கக்கூஸ் கட்டப் போக இருந்த பணம் வழி மாறித் தன் வீட்டுக்கு வந்திருக்கிறது என்பது ஒருபக்கம். அதைத் தொடவே கூசுகிறவர் தன் கையில் கொடுக்கிறார் என்பது இன்னொரு பக்கம். மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், கேட்டே விட்டாள்.

"உங்களுக்கு ஆகாதது எனக்கு மட்டும் ஆகுமாக்கா?"

"உன் பேங்க் புக்குல வட்டி ஏறுனா தூக்கிப் போட்டுடுவியா? உனக்கு அது காசு. எங்களுக்குத்தான் இல்ல. அசிங்கம்னு நெனச்சிருந்தா உன் கையில குடுப்பனா நானு?"

மேகலா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்தரி பேகம் எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அதுல வந்தது எதுவும் திரும்பி எங்கிட்ட வரக் கூடாது. ஒரு குண்டூசி கூட."

"சரிக்கா" என்றாள் மேகலா. அப்போது அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. குண்டூசி வாங்கி அவருக்குக் கொடுக்கப்போவது யார்.

மறுநாள் ஆறு மணிக்கு வழக்கம்போல் அக்தரி பேகம் வந்தார், உட்கார்ந்தார். டம்ளரைக் கையில் வாங்கியவர் வாயில் வைக்கவில்லை.

"பால் எந்தக் காசுல வாங்குன?"

"என் சம்பளத்துலதான். ஏங்க்கா?"

"அந்தப் பணம்?"

"பொட்டியில அப்டியே இருக்குது. இன்னும் தொடலை."

அக்தரி பேகம் தலையாட்டிவிட்டு நிதானமாகக் குடித்தார். "இருக்கற வரைக்கும் பரவால்ல. நீ எடுத்துச் செலவு பண்ண அன்னிலேர்ந்து நான் இங்க குடிக்க மாட்டேன். கோச்சுக்காத."

இப்போதுதான் மேகலாவுக்கு அந்தக் குண்டூசி குத்தியது.

பணம் வந்த வீட்டில் ஆசைக்கா பஞ்சம். கோபி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டி பழசு. ஓடுகிற நேரத்தைவிட மெக்கானிக் ஷெட்டில் நிற்கிற நேரம் அதிகம். இதைப் போட்டு பேட்டரி ஆட்டோ எடுத்துவிடலாம் என்றான். கவிப்ரியா லேப்டாப் கேட்டாள், அடுத்து எம்.பி.ஏ. என்றாள். மேகலா எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் மனசு எங்கே இருக்கிறது என்று கோபிக்குத் தெரியும்.

கம்பெனி கேட்டுக்கு எதிரில் கன்னியப்பன் டீக்கடை வைத்திருந்தார். தள்ளுவண்டிதான், ஆனால் மேலே தகரம் போட்டு, பெஞ்சு போட்டு, நின்று நிலைத்த கடை. ஷிஃப்ட் விடும்போது அங்கே நிற்க இடம் இருக்காது. அவர் டீயோ வாயில் வைக்க முடியாது. வேறு போக்கில்லாமல் ஜனங்கள் குடித்தார்கள். அந்தக் கன்னியப்பன் இப்போது கடையைக் கொடுத்துவிட்டு ஓசூரில் மகள் வீட்டோடு போகப்போகிறார். வண்டி, பாய்லர், சிலிண்டர், அந்த இடம் எல்லாம் சேர்த்து ஒண்ணே கால் லட்சம். "உனக்குன்னா மாசக் கடைசி வரைக்கும் வெயிட் பண்றேன்மா. அதுக்கு மேல முடியாது, வேற ஆளு சுத்திக்கினே இருக்கான்" என்று மேகலாவிடம் அவரே சொல்லியிருந்தார். அப்போது இந்தப் பணம் வரவில்லை. சரிங்க பார்க்கலாம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சொல்யூஷன் வாசனை இல்லாத ஒரு வேலை. தன் கையால் டீ போட்டு, தன் பேரில் விற்பது. சூப்பர்வைசரே காசு கொடுத்து வாங்கிக் குடிப்பான். இதை நினைக்கும்போதெல்லாம் மேகலாவுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி எழும்பும். அடுத்த நிமிஷமே அடங்கிவிடும். கடை எடுத்தால் கம்பெனியை விடவேண்டும். கம்பெனியை விட்டால் வீட்டில் வேகிற சோறு, கொதிக்கிற பால் எல்லாம் கடைக் காசு. கடைக் காசு என்றால் அந்தப் பணம். அப்புறம் ஆறு மணிக்கு யார் வருவார்கள்.

சரி, கடை வேண்டாம், ஆட்டோ எடுப்போம் என்றால் அதில் வரும் காசும் அதே பால் பாக்கெட்டுக்குத்தான் போகும். கவிப்ரியாவைப் படிக்கவைத்தால் நாளைக்கு அவள் சம்பளமும் இதே வீட்டுக்குத்தான் வரும். எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பணம் சுற்றிக்கொண்டு வந்து டீ டம்ளரில் விழுந்தது. பணக்காரர்கள் வீட்டில் இந்தக் காசு இதற்கு, அந்தக் காசு அதற்கு என்று பிரித்து வைக்க முடியுமோ என்னவோ. ஒரே அடுப்பு எரிகிற வீட்டில் அதெல்லாம் நடக்கிற காரியமா.

"அம்மா, நீ சொல்ற கணக்குப்படி பாத்தா, கரண்ட் பில் கட்டுனதுக்கப்புறம் பாயம்மா நம்ம வீட்டு ஃபேன் காத்துகூட வாங்கக் கூடாது" என்றாள் கவிப்ரியா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மேகலா தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தாள். அதை அவள் யோசித்திருக்கவில்லை.

கோபிக்கு இதெல்லாம் பேஜாராக இருந்தது. "என் ஆட்டோ காசுல வாங்குன பாலுன்னு சொல்லிட்டுப் போயேன். பாலுக்கு இன்னா வாசனையா வரப்போவுது?"

"பொய் சொல்லி ஒருத்தர் வாயில ஊத்தச் சொல்றியா? நீ குடிப்பியா அப்டி?"

கோபி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவனைப் பற்றி ஒன்றைச் சொல்லவேண்டும்: அதன் பிறகு அவன் பேட்டரி ஆட்டோ பேச்சை எடுக்கவே இல்லை.

மேகலா முடிவெடுக்காமல் நாளைக் கடத்தினாள். முடிவெடுக்காத வரை டீ உண்டு. கம்பெனி கேட்டைத் தாண்டும்போது கன்னியப்பன் கையைத் தூக்கிக் காட்டுவார்; இவள் பார்க்காத மாதிரி போவாள். சாயங்காலம் அக்தரி பேகம் வந்ததும் முதல் கேள்வி, "எடுத்தியா?" இவள், "இல்லக்கா." அப்புறம்தான் டம்ளரைத் தொடுவார். முன்பெல்லாம் வந்தால் மருமகள் கதை, மார்க்கெட் கதை, பின்தெரு மஹ்பூபி வீட்டுக் கல்யாணக் கதை என்று நேரம் போவதே தெரியாது. இப்போது இரண்டு பேரும் அந்தப் பெட்டியையே சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். சில நாள் பேசாமலே குடித்தார்கள். எந்த டீயைக் காப்பாற்ற மேகலா இந்தப் பாடு படுகிறாளோ அந்த டீயே முன்னைப்போல் இல்லை.

மாசக் கடைசி நெருங்கியது. "அந்தாளு அட்வான்ஸோட வந்து நிக்கறான். ஞாயித்துக்கெழம சொல்லிடும்மா" என்று கன்னியப்பன் வழிமறித்துச் சொல்லிவிட்டார். அன்று மேகலாவுக்குக் கம்பெனியில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தையல் தாண்டிய பீஸ் எத்தனையைக் கவனிக்காமல் விட்டாளோ, சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினான். பதில் பேசாமல் நின்றாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தப் பதில் தொண்டையிலேயே நின்றது. பாவம், அது போய் விழுந்தது அக்தரி பேகத்தின் மேல்.

அவர் வந்து உட்கார்ந்ததும் மேகலா பெட்டியைத் திறந்து பையை எடுத்து அவர் எதிரில் வைத்தாள்.

"எடுத்துக்கினு போங்கக்கா. எனக்கு வேணாம். கக்கூஸே கட்டட்டும்."

"ஏன், இன்னா ஆச்சு?"

"இது வந்ததுலேர்ந்து எனக்கு நிம்மதி இல்ல. கடையும் வேணாம், கண்றாவியும் வேணாம். நீங்க எப்பவும்போல வாங்க, டீ குடிங்க, எனக்கு அது போதும்."

அக்தரி பேகம் பையைத் தொடவில்லை. "கோபி காசுல தனியா ஒரு பால் பாக்கெட் வாங்கி, தனி டப்பாவுல சர்க்கரை, தூள் வெச்சுப் போட்டுக் குடுத்தா குடிப்பீங்களா, அதையாவது சொல்லுங்க" என்று மேகலா கேட்டாள். அதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள்.

"குடிக்க மாட்டேன்."

"ஏன்? அது சுத்தமான காசுதானே?"

"பள்ளிவாசல் ஹஜ்ரத் கிட்ட வாஹித் கேட்டுக்கினு வந்தான்" என்றார் அக்தரி பேகம். "குடுத்துட்டா அது அவங்க பணம், அவங்க வீட்ல நீங்க சாப்டலாம், தப்பே இல்லன்னு சொல்லிட்டாரு. அதனால பாலு யார் காசுங்கறது இல்ல மேகலா. பொட்டியில கெடக்கற வரைக்கும் சரி, நீ எடுத்துட்டா நான் உனக்கு ஒண்ணு குடுத்ததா ஆயிடும். குடுத்துட்டு, தெனமும் ஆறு மணிக்கு வந்து உன் வீட்ல உக்காந்து ஓசில ஒரு டீ வாங்கிக் குடிச்சா அதுக்குப் பேர் இன்னா? தண்டல்காரன் இன்னா பண்றான் நம்ம தெருவுல? கடன் குடுக்கறான், தெனமும் வந்து வாங்கறான். வட்டி வேணாம்னு உங்கிட்ட குடுத்துட்டு, உங்கிட்டயே வட்டி வாங்கச் சொல்றியா என்னை?"

இத்தனை நாள் மேகலா பாலையும் சர்க்கரையும் நினைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் அங்கே இல்லவே இல்லை.

"கக்கூஸுக்குக் குடுத்திருந்தா எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அங்க நான் டீ குடிக்கப் போறதில்ல" என்றார் அக்தரி பேகம். குரல் கொஞ்சம் உடைந்தது. "உனக்குக் குடுத்தா எனக்கு இது போய்டும்னு தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தாந்தேன். நீ அந்த சொல்யூஷன மோந்து மோந்து சாவறத எத்தனை வருஷம் பாக்கறது? இப்ப வந்து வேணாம்ன்ற. நான் இதை விடத் துணிஞ்சது வீண்தானா அப்ப?"

மேகலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. தன்னைக் கேட்காமலேயே தனக்காக ஒருத்தர் இவ்வளவு பெரிய முடிவை எடுத்து, அதைச் சொல்லாமலும் இருந்திருக்கிறார். அழுகையை அவளுக்குக் காட்டத் தெரியாது. ஆத்திரத்தைத்தான் காட்டினாள்.

"ஓசில வேணாம்னா காசு குடுத்துக் குடிங்களேன். கன்னியப்பன் கடையில எல்லாரும் பன்னெண்டு ரூபா குடுத்துக் குடிக்கறாங்கல்ல, அப்டி வந்து குடிங்க."

குத்திக்காட்டத்தான் சொன்னாள். சொன்னதும் அவளுக்கே கஷ்டமாகிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். அக்தரி பேகம் கோபப்படவில்லை. சுவரைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டா?"

"ம்."

"அந்தத் தண்ணிக்குப் பன்னெண்டு ஜாஸ்திதான்." முந்தானையை இழுத்து மூக்கைத் துடைத்தார். "வெல குடுத்து வாங்கறது தப்பில்ல. யாவாரம்தானே. ஆனா எல்லாருக்கும் இன்னா ரேட்டோ அதே ரேட்டு. எனக்குன்னு ஒரு ரூபா கம்மி பண்ணாலும் நான் அடுத்த நாள் வர மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மேகலா கன்னியப்பனிடம் பணத்தைக் கொடுத்தாள். கோபி ஆட்டோவில் பாத்திரங்களை ஏற்றிவந்து இறக்கினான். கம்பெனியில் எழுதிக்கொடுத்துவிட்டு, கணக்கு முடிந்து வெளியே வந்த மறுநாள் கடையைத் திறந்தாள். காலையில் கூட்டம் சுமார். சாயங்காலம் ஷிஃப்ட் விட்டதும் கூட வேலை பார்த்த பெண்களெல்லாம் வந்து மொய்த்துக்கொண்டார்கள். மேகலாவுக்கு நிமிர நேரமில்லை. நிமிர்ந்தபோது பெஞ்சின் ஓரத்தில் புர்கா போட்டுக்கொண்டு அக்தரி பேகம் உட்கார்ந்திருந்தார். முட்டி வலியோடு அவ்வளவு தூரம் நடந்தே வந்திருந்தார். கோபி ஆட்டோவில் ஏறச் சொன்னதற்கு மறுத்துவிட்டாராம். அதுவும் ஓசிதானே.

மேகலா டீ போட்டாள். கூட்டம் இருக்கிறதே என்று அவசரப்படவில்லை. எப்போது இறக்கவேண்டுமோ அப்போது இறக்கி, கொண்டுபோய் பெஞ்சில் வைத்தாள். அக்தரி பேகம் சுருக்குப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்க் காசையும் ஒரு இரண்டு ரூபாய்க் காசையும் எடுத்து கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார். கிளாஸைத் தொடவில்லை.

மேகலாவுக்குக் கை வரவில்லை. சுற்றி நின்ற பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ ஒருத்தி பின்னாலிருந்து, "அக்கா, எங்களுக்கு ரெண்டு" என்றாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. அக்தரி பேகம் காத்திருந்தார்.

மேகலா காசை எடுத்தாள். கல்லாவாக வைத்திருந்த டப்பாவுக்குப் பக்கத்தில், தூள் பாக்கெட்டுக்குப் பின்னால் தனியாக வைக்கக் கை போனது. பெஞ்சிலிருந்து அக்தரி பேகம் பார்த்துக்கொண்டிருந்தார். மேகலா டப்பாவைத் திறந்து எல்லார் காசோடும் சேர்த்து அதைப் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவர் கிளாஸைக் கையில் எடுத்தார்.